"எனக்கெதுக்கு இவ்வளவு செலவு?" என்று தயங்கும் போட்டோகிராஃபருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கேனான் 1500டி பாடி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், மூன்று வருடமாக உறவினர், நண்பர் வீட்டு விசேஷங்களில் எடுத்த படங்கள், கையில் 60,000 ரூபாய் சேமிப்பு. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட கேமரா) வாங்கலாமா, கோர்ஸில் சேரலாமா என்று விலை விசாரிக்கிறீர்கள். பிறகு 'நாம எடுக்கிற படத்துக்கு இதெல்லாம் எதுக்கு' என்று ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துவிடுகிறீர்கள். எந்த கேமரா வாங்குவது என்று தொடங்கினாலும், கடைசி வரியில் "இந்தப் பணத்தை என்மேல் போட எனக்கு அருகதை இருக்கிறதா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கல்யாண வேலை எடுப்பதும் அதற்குப் புது ஆட்களைப் பழக்குவதும் என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து எழுதுவதால், காட்டுயிர், விளம்பரப் படம் போன்ற துறைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் படங்களையும் நான் பார்த்ததில்லை. அதனால் உங்களுக்குத் திறமை உண்டா இல்லையா என்று நான் சொன்னால் அது வெறும் உபசாரமாகத்தான் இருக்கும்.

"நான் நல்ல போட்டோகிராஃபரா?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. "என் படங்களில் எவை கெட்டன, எதனால் கெட்டன?" என்ற கேள்விக்குப் பதில் உண்டு, அது உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே கிடக்கிறது. உங்கள் சந்தேகம் இப்போது உருவமில்லாமல் இருப்பதால்தான் அதோடு வாதாட முடியவில்லை. அதைக் கணக்காக எழுதிவிட்டால் பணம் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். செலவு என்பது உங்கள் தகுதிக்கான தீர்ப்பாக இல்லாமல், குறிப்பிட்ட ஒரு குறையைச் சரிசெய்யும் வேலையாக மாறிவிடும்.

அந்தக் கணக்கை எடுக்கும் முறை இது. கடைசியாக எடுத்த மூன்று நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தொடர்ச்சியாக நூறு பிரேம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்லதாகப் பொறுக்கக் கூடாது, கார்டில் இருந்த வரிசையிலேயே இருக்க வேண்டும். எடிட் செய்யாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதம் பெரிதாக்கி, கண்ணைப் பாருங்கள். யாருக்கும் கொடுக்கத் தயங்கும் படம் என்றால் அதற்கான முதல் காரணத்தை ஒரே ஒரு சொல்லில் குறியுங்கள்: கை நடுக்கம், ஆள் அசைவு, ஃபோகஸ் தவறு, வெளிச்சம், பின்னணி, கணம் தப்பியது. பல காரணம் தோன்றினாலும் முதன்மையானது ஒன்றுதான். பக்கத்தில் ஷட்டர் வேகம், எஃப் எண் (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். லைட்ரூம் மென்பொருள் இருந்தால் லைப்ரரி ஃபில்டரில் மெட்டாடேட்டா பகுதி இதைத் தானே பிரித்துக் காட்டும். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம் போதும். இரண்டு மாலை நேரத்தில் முடிகிற வேலை.

இதில் பெரும்பாலோர் தடுமாறுவது முதல் மூன்று காரணங்களையும் பிரிப்பதில்தான். மூன்றும் "படம் ப்ளர் ஆயிடுச்சு" என்று ஒரே பெயரில் போய்விடுகின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. படம் முழுவதும், சுவர் விளிம்பு உட்பட, ஒரே திசையில் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் அது கை நடுக்கம். சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருந்து, பெண்ணின் கையும் வளையலும் மட்டும் இழுபட்டிருந்தால் அது ஆள் அசைவு. முகம் மசமசவென்று இருக்க, காது அல்லது பின்னால் நிற்கும் சித்தப்பாவின் சட்டைப் பொத்தான் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. ஒரு படத்தை இப்படிப் பிரித்துச் சொல்லத் தெரிந்த அன்றே, 'எனக்குப் படம் எடுக்கத் தெரியல' என்ற பேச்சு 'எனக்கு 1/30 ஷட்டர் வேகத்தில் ஆள் அசைவு வருது' என்று சுருங்கிவிடும்.

அடுத்து ஒவ்வொரு காரணத்துக்கும் விலை போடுங்கள். கை நடுக்கத்துக்கு விலை பூஜ்யம். 1500டியில் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணை 1.6 ஆல் பெருக்கி, அதற்குக் குறையாத ஷட்டர் வேகம் வைத்தால் போதும், 55 மில்லிமீட்டரில் அது ஏறக்குறைய 1/90 விநாடி. லென்ஸில் ஐஎஸ் (நடுக்கம் குறைக்கும் வசதி) இருந்தால் இன்னும் கீழே போகலாம், ஆனால் ஐஎஸ் உங்கள் கையை மட்டும்தான் நிறுத்தும், மணப்பெண்ணின் கையை நிறுத்தாது. ஃபோகஸ் தவறுக்கும் பெரும்பாலும் விலை இல்லை. இந்த பாடியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் உண்டு, அவற்றில் நடுப் புள்ளி மட்டும்தான் கிராஸ் டைப், அதாவது குறுக்கு, நெடுக்கு இரண்டு கோடுகளையும் பிடிக்கும் வகை. மங்கிய மண்டபத்தில் ஒன்பதையும் திறந்துவிட்டால் மாலையில் இருக்கும் ஜரிகையைப் பிடித்துக்கொள்ளும். நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, கண்ணில் ஃபோகஸ் பிடித்து, பாதி அழுத்தத்திலேயே ஃபிரேமைச் சரிசெய்து எடுக்கப் பழகுங்கள். பின்னணிக்கு விலை இரண்டு அடி நகர்வது.

ஆள் அசைவு மட்டும் அதிகமாக இருந்தால் அங்கே பணம் வேலை செய்யும். கிட் லென்ஸ் 55 மில்லிமீட்டரில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் அதைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். அதே ஐஎஸ்ஓ 3200இல், 1/30இல் இழுபட்ட கை 1/250இல் நின்றுவிடும். இது ஒளியியல் கணக்கு, இதில் சந்தேகமே இல்லை, இந்த லென்ஸ் புதிதாகவே சுமார் 10,000 ரூபாய்தான். இதோடு வரும் தொல்லையையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8இல் கூர்மையாக வரும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளை ஒரு சாண் பின்னால் உட்கார்ந்திருந்தால் அவர் முகம் கலங்கிவிடும். புது லென்ஸ் வாங்கிய முதல் வாரத்தில் 'லென்ஸ் சரியில்லை, இல்லாவிட்டால் நான் சரியில்லை' என்று பலர் சோர்ந்துபோவது இதனால்தான். இருவர் இருந்தால் திறப்பை எஃப்/2.8க்குக் குறையுங்கள். க்ரூப் போட்டோவுக்குக் கிட் லென்ஸையே மாட்டுங்கள், ஏனென்றால் இந்த பாடியில் 50 என்பது 80 மில்லிமீட்டர் போல நெருக்கமாகத் தெரியும், சின்ன ஹாலில் பின்னால் போக இடம் இருக்காது. மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் ஷட்டரை ஏற்றும்போது படத்தில் பட்டை பட்டையாக விழுந்தாலும் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் விநாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் பட்டை போய்விடும்.

கணம் தப்புவது தனி விஷயம், அதைப் பணம் கொடுத்து வாங்கவே முடியாது. 1500டி விநாடிக்கு மூன்று படம் எடுக்கும், ரா (RAW) ஃபைலாக எடுத்தால் பத்துப் பதினொரு படத்தில் பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பிவிடும். கெட்டிமேளம் கேட்டதும் பதற்றத்தில் பட்டனை அழுத்திப் பிடித்தால் நான்கே விநாடியில் கேமரா திணற ஆரம்பிக்கும், சரியாக முதல் முடிச்சு விழும்போது. தாலி கையில் ஏறியதும் ஒன்று, கழுத்தருகே போனதும் ஒன்று, முடிச்சில் ஒன்று, பெண் நிமிரும்போது ஒன்று என்று தனித்தனியாக எடுக்கப் பழகினால் இதே பாடியில் எதுவும் தப்பாது. அதற்குச் சடங்கின் வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி வரிசை மாறும் என்பதால், முந்தின நாளே ஐயரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் வழி. நாணிக்கொண்டு கேட்காமல் விட்டு, மறுநாள் மேடையில் தடுமாறி, அதைத் திறமைக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

வெளிச்சம் என்ற குறிப்பு நிறைய விழுந்திருந்தால் உடனே ஃப்ளாஷ் வாங்கிவிடாதீர்கள். கல்யாணத்தில் முக்கிய விளக்கு வீடியோக்காரரின் லைட்தான். அது உங்கள் தோளுக்கு மேலிருந்து நேராக அடித்தால் முகம் தட்டையாகவும், நெற்றி எண்ணெய் பூசியது போலவும் வரும். நாற்பத்தைந்து டிகிரி பக்கவாட்டில் நகர்ந்தால் அதே லைட்டில் மூக்கின் நிழல் விழுந்து முகத்துக்கு வடிவம் கிடைக்கும். வீட்டில் இதைச் சோதிக்க ஒரு ஜன்னலும் ஒரு நாற்காலியும் போதும். ஆளை ஜன்னல் பக்கம் திருப்பி, பக்கவாட்டாக, பாதி திரும்பியபடி என்று மூன்று நிலை, ஜன்னலை ஒட்டி ஒரு முறை, ஐந்தடி உள்ளே தள்ளி ஒரு முறை என்று எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஃப்ளாஷ் தேவை என்று தெரிந்தால் வாங்குங்கள், ஆனால் முதலில் உங்கள் கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவைப் பாருங்கள். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 போன்ற பாடிகளில் கேனான் நடுவில் இருக்க வேண்டிய பெரிய பின்னை எடுத்துவிட்டது. அந்த ஒற்றைப் பின்னை நம்பும் மலிவான மேனுவல் ஃப்ளாஷ்கள் இதில் அடிக்காது. பலர் வாங்கிவிட்டு 'எனக்குத்தான் செட் பண்ணத் தெரியல' என்று உட்கார்ந்திருக்கிறார்கள், பாவம். கேனானின் இ-டிடிஎல் (ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் தானே அளக்கும் முறை) பேசும் ஃப்ளாஷாகப் பார்த்து, கடையிலேயே உங்கள் பாடியில் மாட்டி அடித்துப் பார்த்து வாங்குங்கள். சுவரில் பட்டுத் திரும்பும்படி பக்கவாட்டில் அடியுங்கள். பச்சைச் சுவரில் அடித்தால் முகமும் பச்சையாகும், உயரமான, துணி கட்டிய மண்டபக் கூரையிலிருந்து வெளிச்சம் திரும்பி வராது. சார்ஜ் செய்யக்கூடிய ஏஏ செல் எட்டு, அதாவது இரண்டு செட், கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மற்றவர்கள் படத்தைப் பார்த்து வரும் தாழ்வு உணர்ச்சி. இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்ப்பது ஒருவர் பொறுக்கி எடுத்த படம், ஒப்பிடுவது உங்கள் கார்டு முழுவதையும். ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக் கலைஞர் 1955, 56 ஆண்டுகளில் குகன்ஹெய்ம் நிதியுதவியோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றி எடுத்தவை ஏறக்குறைய 27,000 பிரேம்கள். அதிலிருந்து வந்த புத்தகத்தில் இருப்பவை 83. முந்நூறு பிரேமுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை, அந்த 83 தான் இன்றும் பாடமாக வைக்கப்படுகின்றன. ஆகவே 300 பிரேமில் 250 கெட்டுப்போயிருந்தது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கெட்டதற்கு ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே சொல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள் என்பது நான் ஆட்களைப் பழக்கும்போது வைத்துக்கொள்ளும் அளவு. அது அறிவியல் விதி இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் இருக்கின்றன. இந்த மனநிலைக்கு இப்போது எல்லோரும் 'இம்போஸ்டர் சின்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதை எழுதியது, ஏற்கெனவே சாதித்திருந்தும் அதை நம்ப முடியாத பெண்களைப் பற்றி. கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரின் எல்லாத் தயக்கத்துக்கும் அதே பெயரை ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் உங்கள் சந்தேகத்தில் பாதி சரியான தகவலாகவே இருக்கலாம். அதேபோல, எதிலும் தேர 10,000 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற கணக்கும். 1993இல் வெளியான, பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றிய எரிக்சனின் ஆய்விலிருந்து கிளம்பிப் பிரபலமான எண் அது. போட்டோகிராஃபிக்கு அப்படி ஒரு மணிக்கணக்கை வைத்து உங்களை அளக்க வேண்டியதில்லை. பயிற்சிக்குப் பிறகு யாராவது குறை காட்டினால்தான் முன்னேற்றம் வரும் என்பதைத் தொழிலில் தினமும் பார்க்கிறேன், அதைத் தைரியமாகச் சொல்வேன். இன்னொன்று: போட்டோவைத் தாண்டி எல்லாவற்றிலும் 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் அதற்கு லென்ஸ் மருந்தாகாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

குறை காட்டச் சொல்லிக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். இருபது படங்களைப் பிரின்ட் போட்டு மேசையில் பரப்பி, "இதில் பத்தை எடுத்துவிடுங்கள்" என்று ஒருவரிடம் சொல்லுங்கள். எதை முதலில் எடுக்கிறார், எதில் கை தயங்குகிறது என்று பேசாமல் கவனியுங்கள். பிறகு "முதலில் கண் எங்கே போனது?" என்ற ஒரு கேள்வி போதும். மூன்று பேர் தனித்தனியாக ஒரே படத்தை எடுத்துவிட்டால் அந்தப் படத்துக்காக வாதாடாதீர்கள். பெரிய பிரின்ட்டுக்கு உங்கள் கேமரா போதாது என்ற பயமும் வேண்டாம். 6000க்கு 4000 பிக்சல் என்பது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20க்கு 13 அங்குலம் வரும், 12க்கு 18 பிரின்ட் தாராளமாகப் போடலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் போன்ற பழைய அமைப்பு இருக்கிறது, 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழாவும் இருக்கிறது. வெளியூர் என்றால் உங்கள் ஊர் போட்டோ, வீடியோ கலைஞர் சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் இரண்டாம் கேமராவாக முகூர்த்தங்களுக்குப் போவதே பெரிய படிப்பு. சம்பளம் பேசிக்கொண்டு போங்கள், இலவசமாகப் போகாதீர்கள்.

கோர்ஸில் சேர்வதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், என் படத்தை வாராவாரம் யார் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்வார், பழைய மாணவர்களின் சேரும்போது எடுத்த படமும் முடிக்கும்போது எடுத்த படமும் காட்ட முடியுமா. இரண்டாவதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள், அந்தப் பாடம் யூடியூபிலேயே கிடைக்கும். ஷட்டர், அப்பர்ச்சர் தெரிந்த ஒருவருக்கு இனித் தேவை அவர் படத்தைப் பார்க்கும் கண்.

கல்யாணத்துக்கு வெளியே, காசு வராத ஒரு வேலையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தை ஒரு வருடம் தொடர்ந்து எடுப்பது: உங்கள் தெரு, அப்பாவின் கடை, பக்கத்துத் தீப்பெட்டி ஆலை. மதுரையைச் சேர்ந்த பழனி குமார் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையை விடாமல் தொடர்ந்து படமெடுத்தவர். 2022இல் முதலாவது தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. அவர் வேலையைப் பார்த்தால், நெருங்கிப் பழகிய மனிதர்களோடு இருந்தவரின் படங்கள் என்பது தெரியும். லைக் வருகிறதா என்று பார்க்காமல் எடுக்கும் இடம் ஒன்று இருந்தால் மற்ற வேலைகளில் கை நடுங்குவது குறைகிறது.

உங்கள் 60,000ஐ நான் பிரித்தால், கணக்கெடுப்பு ஆள் அசைவையும் வெளிச்சத்தையும் காட்டினால், 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 10,000, ஃப்ளாஷும் செல்லும் சார்ஜரும் சேர்த்து 15,000க்குள், படம் பார்த்துத் திருத்தும் ஒரு நல்ல பட்டறைக்கு 15,000, பிரின்ட்டுக்கும் அந்த ஒரு வருட வேலைக்கும் 5,000. மீதி 15,000ஐத் தொடாதீர்கள். ஷட்டர் போனாலோ கார்டு கெட்டாலோ அதுதான் காப்பாற்றும். கணக்கெடுப்பு ஃபோகஸையும் கணத்தையும் மட்டும் காட்டினால் லென்ஸும் ஃப்ளாஷும் வேண்டாம், பட்டறையும் இரண்டாம் கேமரா வேலையும் போதும். லென்ஸைப் பழையதாக வாங்குவதாக இருந்தால் பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை உள்ளே அடித்து, முன்பக்கத்தில் சிலந்தி வலை போன்ற இழை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஈஎம்ஐயில் எதுவும் எடுக்க வேண்டாம், மாதத் தவணையின் பயம் சேர்ந்தால் சோதனை செய்து பார்க்கும் தைரியம் போய்விடும்.

காசு வாங்குவதில் இருக்கும் கூச்சத்துக்கும் கணக்குதான் வழி. கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ், லேப்டாப் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய், நான்கு வருடம் உழைக்கும், வருடத்துக்கு முப்பது நிகழ்ச்சி என்றால், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் உங்கள் சாமான் மட்டும் 1,000 ரூபாய் தேய்கிறது. பெட்ரோலும் எடிட்டிங் நேரமும் அதற்கு மேல். நண்பர் வீடு என்று சும்மா எடுத்துக்கொடுத்தால் அந்த ஆயிரத்தை உங்கள் கையிலிருந்து மொய் வைக்கிறீர்கள். வைக்கலாம், தெரிந்து வையுங்கள். மற்ற வேலைகளுக்கு முன்பணம், எத்தனை படம், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஃபுல் ஃபிரேம் எப்போது என்றால், இந்த லென்ஸும் ஃப்ளாஷும் கையில் வந்து ஆறு மாதம் கழித்து இதே முந்நூறு பிரேம் கணக்கை மறுபடியும் எடுங்கள். அப்போதும் ஐஎஸ்ஓ 6400இல் வரும் புள்ளிகளால்தான் படங்கள் நிராகரிக்கப்படுகின்றன என்றால் பாடி மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் இரண்டு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இப்போது இருக்கும் 18-55 இஎஃப்-எஸ் (சிறிய சென்சாருக்கான) வகை, கேனானின் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் அது பூட்டவே பூட்டாது. கேனான் ஆர்பி போன்ற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டினால் 26 மெகாபிக்சலில் சுமார் 10தான் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் இஎஃப் வகை என்பதால் இரண்டிலும் முழுதாக வேலை செய்யும், மிரர்லெஸ்ஸுக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். அதனால் அதற்கு இன்று போடும் பணம் வீணாகாது, அந்த லென்ஸை இந்த வாரமே வாங்கினாலும் தவறில்லை, முந்நூறு பிரேமையும் பார்த்து முடித்துவிட்டு.